அம்மாவின் கண் மாத்திரைக்கான வரியை ஹட்டனிலேயே கட்ட விடுங்கள்

வெளிநாட்டுப் பொதிகளைத் திறந்து பார்த்து வரி விதிக்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

போன மாதம் 14ஆம் திகதி காலையில் உங்கள் கவுண்டர் ஒன்றில் மூன்று போத்தல் விட்டமின் மாத்திரையைப் பெற்றுக்கொண்டு போனவன் நான். அந்தப் பொதி கொழும்புக்கு வந்து அன்றோடு 38 நாள். அதை எடுக்க நான் மலையகத்து ஹட்டனிலிருந்து இரண்டு தடவை வந்தேன். உங்களுக்கு அது ஒரு நாளில் வந்து போகும் எத்தனையோ பொதிகளில் ஒன்று. எங்கள் வீட்டில் அது என்ன செய்தது என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 71 வயது. நாற்பது வருடம் கொழுந்து பறித்தவர். இரண்டு வருடத்துக்கு முன் அவருக்கு விழித்திரையின் நடுப்பகுதி தேயத் தொடங்கியது. ஓரத்தில் இருப்பதெல்லாம் தெரியும், நேரே பார்ப்பது மட்டும் மங்கும். கதவு தெரியும், கதவருகே நிற்கும் பேரன் முகம் தெரியாது. கண் டொக்டர் ஒரு கட்டம் போட்ட தாளைக் கொடுத்து, தினமும் ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு பார்க்கச் சொன்னார். கோடுகள் வளைந்து தெரிந்தால் உடனே வர வேண்டும். அந்தத் தாளைக் குசினிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறோம். அம்மா அதைத் தேயிலை நிரையாகத்தான் பார்க்கிறார். "இன்னைக்கு நிரை நேராத்தான் இருக்கு தம்பி" என்பார், நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன்.

இந்த நோயைக் குணமாக்க மாத்திரை கிடையாது. ஆனால் நடுக்கட்டத்தில் இருப்பவர்களுக்கு அது முற்றுவதைத் தள்ளிப்போடும் கலவை ஒன்று உண்டு. அமெரிக்காவின் தேசியக் கண் நிறுவனம் நடத்திய ஆய்வில், நோய் முற்றும் ஆபத்து ஐந்து வருடத்தில் சுமார் 25 வீதம் குறைந்ததாக 2001இல் வெளியிட்டார்கள். விட்டமின் சி, விட்டமின் ஈ, சிங்க், செம்பு, அவற்றோடு பீட்டா கரோட்டின். புகைபிடிப்பவர்களுக்கும் முன்பு புகைபிடித்தவர்களுக்கும் பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டுகிறது என்பதால், 2013இல் வந்த இரண்டாவது ஆய்வுக்குப் பிறகு அதை எடுத்துவிட்டு லூட்டீன் 10 மில்லிகிராமும் ஸியாசாந்தின் 2 மில்லிகிராமும் சேர்த்தார்கள். அம்மா மலைக் குளிருக்குப் பல வருடம் சுருட்டுப் பிடித்தவர். அதனால் புதிய கலவைதான் வேண்டும் என்று டொக்டர் எழுதித் தந்தார். ஹட்டன் பாமசிகளில் அது இல்லை. கண்டியில் இருந்தது பழைய கலவை. கொழும்பில் கேட்ட விலை எங்களுக்குக் கட்டாது. கடைசியில் கடல் கடந்து ஓடர் பண்ணினேன். ஆறு மாதத்துக்கு மூன்று போத்தல், அனுப்பும் கூலியோடு 26,500 ரூபாய். ஆசையில் வாங்கிய அழகுச் சாமான் அல்ல ஐயா.

பொதி வந்திருக்கிறது என்ற உங்கள் அறிவித்தல் துண்டு என் கைக்கு வந்தபோது, அதில் போட்டிருந்த திகதிக்குப் பிறகு 12 நாள் கடந்திருந்தது. எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, வீட்டிலக்கம் இல்லை. தெருப் பெயரும் இல்லை. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு மொத்தமாக வரும், அங்கிருந்து யாராவது அந்தப் பக்கம் போகும்போது கைமாறி வரும். 2023இல் மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் ஆட்கள் நடந்தார்கள். இருநூறு வருடத்துக்குப் பிறகும் என் அம்மாவின் பெயருக்கு ஒரு கடிதம் நேரே வீட்டுக்கு வர முடியாது. முகவரி தருவது உங்கள் வேலை இல்லை, எனக்குத் தெரியும். ஆனால் நான் துண்டைக் காண்பதற்கு முன்பே களஞ்சியக் கட்டணம் ஏறத் தொடங்கிவிட்டதே, அதை விதித்தவர்கள் நீங்கள்தானே?

துண்டு சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருந்தது. நான் ஆசிரியர், தட்டுத் தடுமாறி வாசித்துவிட்டேன். என் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அப்படி ஒரு துண்டு வந்தால் அதை என்னிடம் தூக்கிக்கொண்டு வருவார். 1987இல் 13ஆம் திருத்தத்தோடு தமிழும் அரசகரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியாயிற்று. அப்படியிருக்க, பணம் கட்டச் சொல்லும் தாளாவது எங்களுக்கு விளங்கும் மொழியில் வரக்கூடாதா?

முதல் தடவை வந்த நாளைச் சொல்கிறேன். தோட்டத்திலிருந்து ஹட்டனுக்கு அந்த நேரத்தில் பஸ் இல்லை, திரீவீலரில் போய் விடியற்காலை மூன்றரை மணி பஸ்சைப் பிடித்தேன். கினிகத்தேனையில் மழை. கித்துல்கலை, அவிசாவளை தாண்டிப் புறக்கோட்டையில் இறங்கி, விசாரித்து விசாரித்து வந்து சேர்ந்து வரிசையில் நின்றேன். என் முறை வந்தபோது அங்கிருந்தவர் பொதியைப் பார்த்து, இது மருந்து, டொக்டரின் கடிதம் வேண்டும் என்றார். கிளினிக் கொப்பியைக் காட்டினேன். போதாது, தனிக் கடிதம் வேண்டும் என்றார். இதை அந்தத் துண்டில் ஒரு வரி எழுதியிருந்தால் நான் கடிதத்தோடு வந்திருப்பேன். வெறுங்கையோடு திரும்பி வீட்டுக்கு வர இரவு ஒன்பது மணி. அம்மா தூங்காமல் இருந்தார். "கெடச்சிச்சா தம்பி?" என்று கேட்டார். அடுத்த தடவை தருவார்கள் என்றேன்.

டொக்டர் எங்கள் பக்கத்து கிளினிக்குக்கு மாதம் ஒரு முறைதான் வருவார். கடிதம் வாங்க இன்னும் இரண்டு வாரம் போனது. பொதி கொழும்பில் கிடக்கும்போதே அம்மாவிடம் இருந்த மாத்திரை முடிந்துவிட்டது. 27 நாள் மாத்திரை இல்லாமல் இருந்தார். அந்த நாட்களில் ஒவ்வொரு காலையும் அந்தக் கட்டத் தாளின் முன் அவர் நிற்பதைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. ஒரு நாள் வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். பிறகு ஒன்றும் சொல்லாமல் போய் அடுப்பை ஊதினார். நான் கேட்கவில்லை.

இரண்டாவது தடவை கடிதத்தோடு வந்தேன். வேறொருவர் இருந்தார். மரியாதையாகத்தான் பேசினார், அதையும் சொல்ல வேண்டும். ஆனால் அவர் கணக்கில் இது மருந்து இல்லை, உணவுச் சேர்க்கை. சுங்க இலக்கங்களில் 3004 மருந்துக்கு, 2106 வேறெங்கும் சேராத உணவுத் தயாரிப்புகளுக்கு என்றும், விட்டமின் மாத்திரை எதில் சேரும் என்பது பல நாடுகளில் வழக்குவரை போன விஷயம் என்றும் பிறகு தேடிப் படித்தேன். எதில் சேர்ப்பது என்று முடிவெடுக்க வேண்டியவர்கள் நீங்கள். ஆனால் கடிதம் கேட்கும்போது மருந்து, வரி போடும்போது உணவு என்றால் நாங்கள் எந்த வாசலில் நிற்பது? அந்தக் கடிதத்துக்காக அம்மா இரண்டு வாரம் காத்திருந்தார் ஐயா.

நான் கழிவு விலையில் வாங்கியதற்கான சிட்டையை நீட்டினேன். வரி போட்டது போத்தலின் முழு விலைக்கு. பொருளின் விலை, கொண்டுவரும் கூலி, காப்புறுதி மூன்றையும் கூட்டி அதன் மேல் சுங்க வரி, பிறகு வரிக்கும் சேர்த்து வற் (பெறுமதி சேர் வரி) என்று அந்த அதிகாரி வாயால் சொன்னார். 2022 தொடக்கத்தில் 8 வீதமாக இருந்த வற் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். பற்றுச்சீட்டில் ஆங்கிலச் சுருக்கெழுத்தாக ஐந்தாறு வரி இருந்தது, எது எதற்கு என்று விளங்கவில்லை. களஞ்சியக் கட்டணமும் சேர்த்து 13,800 ரூபாய். பாதியை என் சொந்த அக்கா தந்தார். அவர் இன்னும் மலையில் கொழுந்து பறிக்கிறார். 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த 1,350 ரூபாய் நாள் அடிப்படைச் சம்பளத்தில் பார்த்தால், மொத்தப் பணமும் பத்து நாள் கொழுந்து. பஸ் காசும், இரண்டு நாள் லீவும் தனி.

வரியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. டொலர் இல்லாமல் நாடு நின்ற 2022ஐ நாங்கள் மறக்கவில்லை, அப்போது அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கே கடை கடையாக அலைந்தோம். சொந்தப் பாவனைக்கு என்று சொல்லிப் பெட்டி பெட்டியாக இறக்கி விற்பவர்கள் இருக்கலாம். போலி மாத்திரைகளும் வரும். நீங்கள் திறந்து பார்க்கத்தான் வேண்டும். பாருங்கள். பார்த்து முடித்த பிறகு, ஒரு கிழவியின் ஆறு மாத மாத்திரைக்கு வரி இவ்வளவு என்று எழுதி ஹட்டன் தபால் கந்தோருக்கு அனுப்ப முடியாதா? போன வருடம் தம்பி அனுப்பிய உடுப்புப் பொதி அப்படித்தான் வந்தது. ஹட்டனிலேயே காசைக் கட்டிக் கையெழுத்துப் போட்டு எடுத்தேன், அரை மணி நேரம்கூட ஆகவில்லை. உடுப்புக்குச் சரி என்றால் மாத்திரைக்கு ஏன் முடியாது?

அதனால் பணிவாகக் கேட்கிறேன். சொந்தப் பாவனைக்கு வரும் விட்டமின் பொதிகளுக்கு வரியை எங்கள் ஊரிலேயே கட்ட விடுங்கள். டொக்டர் கடிதம் வேண்டுமென்றால் அதை முதல் துண்டிலேயே தமிழில் எழுதுங்கள், நாங்கள் அந்தக் கடிதத்தையும் ஹட்டனிலேயே ஒப்படைக்கிறோம். துண்டு எங்கள் கைக்கு வந்த நாளிலிருந்து களஞ்சியக் கட்டணத்தைக் கணக்கிடுங்கள். பதுளைக்காரருக்கும் மஸ்கெலியாக்காரருக்கும் பொகவந்தலாவைக்காரருக்கும் இதே கதைதான். எல்லாரும் இரண்டு தடவை கொழும்புக்கு வர முடியாது. வர முடியாதவர்கள் பொதியை விட்டுவிடுகிறார்கள்.

இப்போது வீட்டில் இருப்பது இன்னும் நாலரை மாதத்துக்குக் காணும். அடுத்த மூன்று போத்தலுக்கு அடுத்த மாதமே ஓடர் பண்ணப்போகிறேன், இந்த முறை 38 நாளையும் கணக்கில் வைத்து. டொக்டரின் கடிதத்தை இப்போதே வாங்கி வைத்திருக்கிறேன். அந்தப் பொதி உங்கள் மேசைக்கு வரும்போது, தயவுசெய்து அதை ஹட்டனுக்கு அனுப்பி வையுங்கள். காசோடு வந்து எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஹட்டனுக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்திலிருந்து,
ஓர் ஆசிரியர்