ஒன்பது மணிப் பூட்டு: எங்கள் கல்லூரி முதல்வருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய முதல்வர் மேடம் அவர்களுக்கும், இதழியல் துறையின் இன்டர்ன்ஷிப் குழுவில் இருக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

போன திங்கட்கிழமை நம் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய சுற்றறிக்கையைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். மாணவிகளின் பாதுகாப்பைக் கருதி, இனிமேல் அவர்கள் மதுரை மாவட்டத்துக்குள் மட்டுமே இன்டர்ன்ஷிப் செய்ய வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாணவர்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. காரணமும் இல்லை. காரணத்தை எழுத வேண்டிய தேவையும் இல்லைதான், துறையில் எல்லோருக்கும் தெரியும். அந்தக் காரணம் நான். என் பெயரைப் போடாமல் விட்டதற்கு நன்றி. பதில் மரியாதையாக நானும் இதில் கல்லூரியின் பெயரைப் போடவில்லை.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அந்தச் சுற்றறிக்கையைத் திரும்பப் பெறுங்கள். சென்னைக்குப் போகிற மாணவிகளுக்குத் தங்க ஓர் இடம் பார்த்துக் கொடுங்கள். இரண்டே விஷயம்தான்.

சென்னையில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் நான் இன்டர்ன்ஷிப் செய்துகொண்டிருந்தபோது, டிசம்பர் 9 இரவு நடந்ததைத் துறையில் ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். நிருபர் வேலை கற்றுக்கொள்ளப் போனவள் என்பதால், மணிக்கணக்கோடு எழுதுகிறேன். 9.35-க்குப் பக்கம் முடிந்தது. 10.10-க்குச் சூளைமேட்டில் நான் தங்கியிருந்த விடுதி வாசலுக்கு வந்தேன். கேட் ஒன்பது மணிக்கே பூட்டியாயிற்று. மணி அடித்தேன், போன் செய்தேன். மாடி ஜன்னலைத் திறந்து, "ரூல்ஸ் தெரியும்ல?" என்று கேட்டுவிட்டு ஜன்னலைச் சாத்தினார்கள். எனக்கு ரூல்ஸ் தெரியும். கையெழுத்துப் போட்டுத்தான் சேர்ந்தேன். ஆனால் பத்திரிகைக்கு அந்த ரூல்ஸ் தெரியாதே!

எதிரே டீக்கடைக்காரர் கடையை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே வைத்த ஸ்டூலை மறுபடி வெளியே எடுத்துப் போட்டார். ஷட்டரைப் பாதி இறக்கி, விளக்கை மட்டும் அணைக்காமல் விட்டு, பாத்திரம் கழுவுகிற மாதிரி ஏதோ செய்துகொண்டே இருந்தார். கழுவின டம்ளரையே திரும்பக் கழுவுகிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. 10.55-க்கு அலுவலகத்தில் இருந்து ஓர் உதவி ஆசிரியர் அக்கா ஸ்கூட்டரில் வந்தார். அவர் வீட்டில் அவருடைய அம்மா தூக்கத்திலிருந்து எழுந்து தயிர்சாதம் பிசைந்து கொடுத்தார். சாப்பிட்டுப் படுத்தேன். அன்றைக்கு எனக்கு நேர்ந்த ஆபத்து என்று யாராவது பட்டியல் போட்டால் அதில் ஒன்றுதான் தேறும், பூட்டிய கேட்.

மறுநாள் காலை விடுதியிலிருந்து வீட்டுக்கும் துறைக்கும் போன் போயிருக்கிறது. அப்பா என்னை அழைத்து, "காலைல சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டார். துறை ஒரு மாதத்துக்கு மேல் யோசித்துவிட்டுச் சுற்றறிக்கை போட்டது.

அந்த விடுதியில் ஏன் தங்கினாய் என்று கேட்கலாம். வேறு எங்கே தங்குவது, மேடம்? கல்லூரி எங்களுக்குக் கொடுத்தது ஒரு போனஃபைடு சான்றிதழ். அதன் கீழே "தங்குமிடம் மாணவர் பொறுப்பு" என்று ஒரு வரி. பாண்டியன் எக்ஸ்பிரசில் போய் இறங்கி, அம்மாவும் நானும் இரண்டு நாளில் ஐந்து இடம் ஏறி இறங்கினோம். ஓர் இடத்தில் ஒரு மாதத்துக்குத் தர மாட்டோம் என்றார்கள். இன்னோர் இடத்தில் மூன்று மாத அட்வான்ஸ். பத்திரிகை ஆபீஸ் என்றதும் முகம் மாறிய இடமும் உண்டு. கிடைத்தது இந்த ஒன்பது மணி விடுதிதான், மாதம் 7,000 ரூபாய். அதே நாளில் எங்கள் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் திருவல்லிக்கேணியில் ஒரு மேன்ஷனில் அரை மணி நேரத்தில் ரூம் எடுத்துவிட்டார்கள். ராத்திரி ஒரு மணிக்குப் போனாலும் திறந்திருக்கும். அவர்கள் மீது எனக்கு வருத்தம் எதுவும் இல்லை, டிசம்பர் 9 அன்று முதலில் போன் செய்து விசாரித்தவர்களும் அவர்கள்தான். ஊர் ஒன்று, வேலை ஒன்று, நேரம் ஒன்று. கேட் மட்டும் வேறு. அதற்குத் தடை எங்களுக்கா?

அன்று ஏன் அவ்வளவு நேரம் ஆனது என்று இதுவரை துறையில் யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன். என் வாழ்க்கையிலேயே நல்ல நாள் அது.

நம் மேலூர்ப் பக்கம் மத்திய அரசு ஏலம் விட்ட டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராகச் சட்டப்பேரவையில் தீர்மானம் வந்த நாள். காலையில் மூத்த நிருபரோடு கோட்டை வரைக்கும் போனேன். பாஸ் இல்லை என்பதால் காவலர்கள் என்னைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அலுவலகம் வந்து நேரலையைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். மதியம் டெஸ்க்கில் ஒரு சந்தேகம் வந்தது. ஏலம் போனது நாயக்கர்பட்டி பிளாக் என்கிறார்கள், எல்லோரும் அரிட்டாபட்டி என்று பேசுகிறார்கள், இரண்டும் ஒன்றா, வேறா? அது மேலூருக்கு எந்தப் பக்கம்? அந்த ஹாலில் இருந்தவர்களில் அந்த மண்ணை மிதித்தவள் நான் ஒருத்திதான். என் அம்மாச்சிக்கு ஊர் அ.வல்லாளப்பட்டி. சின்ன வயதில் ஆடு மேய்க்கிற மாமாவோடு அரிட்டாபட்டி மலையில் ஏறியிருக்கிறேன்.

ஒரு தாளில் வரைந்து காட்டினேன். இது நரசிங்கம்பட்டி, இது நாலுவழிச் சாலை, இங்கே கழிஞ்சமலை, இதில் பாண்டியர் காலத்துக் குடைவரைக் கோயில், மேலே தமிழி கல்வெட்டும் சமணர் படுக்கையும். 2022-ல் தமிழக அரசு பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது இதன் ஒரு பகுதியைத்தான், 193 ஹெக்டேர். ஏலம் விட்ட பிளாக் 2,015 ஹெக்டேர், ஏறக்குறைய 5,000 ஏக்கர், அதற்குள் ஊர்களும் கண்மாய்களும் வயல்களும் இருக்கின்றன. தலைமை உதவி ஆசிரியர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். "உங்க பாட்டிக்குப் போன் போடும்மா" என்றார்.

போட்டேன். அம்மாச்சி எடுத்ததும், "எங்க மலைய யாரக் கேட்டு ஏலம் விட்டாக?" என்று என்னையே பிடித்துக்கொண்டது. நான்தான் ஏலம் விட்டேன் என்று நினைத்துவிட்டது போலிருக்கிறது. அந்த ஒரு வரி அப்படியே மறுநாள் பேப்பரில் வந்தது. என் பெயர் வரவில்லை, இன்டர்ன் பெயரைப் போட மாட்டார்கள். பரவாயில்லை. அந்தப் பத்தி என்னுடையது. மூன்றாவது பத்தி. அம்மாச்சி அதை லேமினேட் போட்டு வைத்திருக்கிறது. அதற்காகத்தான் 9.35 வரை இருந்தேன். நீங்கள் சுற்றறிக்கையில் தடுத்திருப்பது இதைத்தான்.

அப்புறம் இன்னொரு ராத்திரியும் இருக்கிறது, இதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை. நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல். நான் போய்ச் சேர்ந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. விமான நிலையத்தையே மறுநாள் அதிகாலை நாலு மணி வரை மூடிவிட்டார்கள். நானும் இரண்டு அக்காக்களும் அலுவலகத்திலேயே இருந்துவிட்டோம். மாநகராட்சியின் 1913 எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்து, எந்தச் சுரங்கப்பாதையை மூடியிருக்கிறார்கள், எங்கே மரம் விழுந்திருக்கிறது என்று பட்டியல் எடுப்பது என் வேலை. விடிய விடிய எடுத்தேன். தொண்டை கட்டிப்போனது. ஒரு செய்தியை இரண்டு பேரிடம் கேட்டு உறுதி செய்யாமல் எழுதக் கூடாது என்று நம் வகுப்பில் ஒரு செமஸ்டர் முழுக்க படித்தோமே, அது என்னவென்று அன்று ராத்திரி இரண்டு மணிக்குத்தான் புரிந்தது. புயல் கரையைக் கடந்ததாக ஒருவர் சொல்கிறார், இன்னும் கடக்கவில்லை என்கிறார் இன்னொருவர், பக்கம் காத்திருக்கிறது. அன்று நான் விடுதிக்குப் போகவில்லை என்பது துறைக்குத் தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. அதற்கும் ஒரு சுற்றறிக்கை போட்டுவிடாதீர்கள்.

மதுரையிலேயே செய்யலாமே என்பது குழுவின் வாதம். நம் ஊரை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1942-ல் தினத்தந்தி தொடங்கியதே இங்கேதான். 2004 முதல் உயர் நீதிமன்றக் கிளை இருக்கிறது, கீழடி பக்கத்தில் இருக்கிறது, செய்திக்குப் பஞ்சமே இல்லாத ஊர். ஆனால் சட்டப்பேரவை ஒத்தக்கடையில் கூடாது, தலைமைச் செயலகம் தெப்பக்குளத்துக்கு வராது. நம் மலையைப் பற்றிய தீர்மானமே அங்கேதான் நிறைவேறியது. அதை எழுதுகிற மேசையில் நம் ஊர்ப் பெண் ஒருத்தி இருக்க வேண்டாமா? பையன்கள் இருந்தால் போதும் என்றால், அதைச் சுற்றறிக்கையில் வெளிப்படையாக எழுதிவிடலாம். படிக்கிறவர்களுக்குச் சுலபமாக இருக்கும்.

இந்த ஊருக்குத் தூங்காநகரம் என்று பெயர். இங்கே நம் கல்லூரி விடுதி கேட்டை மாலை ஆறரைக்குப் பூட்டுகிறார்கள். வருடத்தில் நாலு மாதம் மீனாட்சியின் ஆட்சி என்று சொல்லி, பட்டாபிஷேகம் நடத்தி, கையில் செங்கோலும் கொடுக்கிற ஊர் இது. அழகரை வரவேற்கிற எதிர்சேவை ராத்திரி தல்லாகுளத்தில் கைக்குழந்தையோடு எத்தனை ஆயிரம் பெண்கள் நிற்கிறார்கள் என்று நீங்களும் பார்த்திருப்பீர்கள், மேடம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று ஒன்பது மணிக்குக் கதவைச் சாத்தச் சொல்லிப் பாருங்களேன்.

என் அம்மா தினமும் அதிகாலை மூன்று மணிக்கு மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்குக் கிளம்புகிறார். பத்து வருடமாகப் போகிறார். மல்லி வாங்கி வந்து தொடுத்து விற்கிற காசில்தான் நான் நம் கல்லூரிக்கு செமஸ்டர் கட்டணம் கட்டுகிறேன். அந்தப் பணத்தை வாங்கும்போது, அது எத்தனை மணிக்குச் சம்பாதித்தது என்று அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.

மன்னிக்கவும். கோபமாக எழுதக் கூடாது என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன்.

ஆனால் ஆரம்பித்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நம் துறையில் நாற்பது பேருக்கு ஒரு கேமரா இருக்கிறது, அதன் பேட்டரி இருபது நிமிடத்தில் உட்கார்ந்துவிடும். சாவி இருக்கிற ஆய்வக உதவியாளர் லீவு என்றால் அந்த இருபது நிமிடமும் இல்லை. செய்தி ஆய்வகக் கணினிகளில் தமிழ் எழுத்துரு வேலை செய்யாமல் ஒரு செமஸ்டர் போனது. இன்டர்ன்ஷிப் அறிக்கையை மட்டும் நாற்பது பக்கத்துக்குக் குறையாமல், கெட்டி அட்டை பைண்டிங் போட்டு, மூன்று பிரதி கொடுக்க வேண்டும். சென்னையில் எனக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே, நாற்பது பக்கத்தில் இருப்பதை நாலு வரியில் எழுது என்பதுதான். பேசுகிறவரின் இனிஷியலைத் தப்பில்லாமல் எழுது என்பது இரண்டாவது பாடம். இனிஷியல் மாறினால் மறுநாள் காலை ஆறு மணிக்கு ஆபீசுக்குப் போன் வந்துவிடுமாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தங்க இடம் பார்த்துக் கொடுப்பது கல்லூரிக்கு மலையைப் புரட்டுகிற வேலை இல்லை. பணிபுரியும் பெண்களுக்காகத் தமிழக அரசே 'தோழி' விடுதிகள் நடத்துகிறது, கூடுவாஞ்சேரியில் ஒன்று இருக்கிறது. ஒரு மாணவி தனியாகப் போய்க் கேட்பதற்கும், கல்லூரி லெட்டர்பேடில் முதல்வர் கையெழுத்தோடு கேட்பதற்கும் வித்தியாசம் உண்டு. சென்னையில் நமக்குத் தெரிந்த கல்லூரி விடுதிகள் இருக்கின்றன. நம் பழைய மாணவிகளே அங்கே எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள், அவர்களைக் கேட்டாலே வழி சொல்வார்கள். இதெல்லாம் முடியாது என்றால், இந்த மாணவி பத்திரிகை அலுவலகத்தில் பயிற்சி பெறுகிறாள், வர இரவு பதினொன்று ஆகலாம், கதவைத் திறந்துவிடுங்கள் என்று போனஃபைடில் இன்னொரு வரி சேர்த்துக் கொடுத்தாலும் போதும். அந்த ஒரு வரி கையில் இருந்திருந்தால் அந்த டீக்கடைக்காரர் அன்று நேரத்தோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டிப் பக்கத்திலிருந்து மேலூர் ஊர்க்காரர்கள் தல்லாகுளம் வரை ஊர்வலமாக வந்தார்களே, நானும் அங்கே நோட்டோடு நின்றேன். யாரும் அனுப்பவில்லை, கை சும்மா இருக்கவில்லை. கூட்டத்தில் கணிசமான பேர் பெண்கள். வெயிலில் செருப்பில்லாமல் வந்த ஒரு பாட்டியிடம் பேசி எழுதிக்கொண்டேன், இனிஷியலோடு. அந்த மாதம் 23-ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மாவட்டத்தை விட்டு வெளியே போகாமல் மனு கொடுங்கள் என்று அவர்களுக்கும் யாராவது சுற்றறிக்கை அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். அவர்கள் டெல்லி வரை போய் வந்தார்கள்.

இரண்டாம் ஆண்டு மாணவிகளில் பதினோரு பேர் வருகிற மே மாதம் சென்னைக்குப் போக விண்ணப்பம் எழுதி வைத்திருந்தார்கள். சுற்றறிக்கையைப் பார்த்துவிட்டு அதில் நாலு பேர் கிழித்துப் போட்டுவிட்டார்கள். மீதி ஏழு பேர் இன்னும் கிழிக்கவில்லை. அவர்களுக்காகத்தான் இந்த மடல். எனக்கு இன்டர்ன்ஷிப் முடிந்துவிட்டது, மதிப்பெண்ணும் வந்துவிடும் என்று நம்புகிறேன்.

ஆகவே, மேடம், சுற்றறிக்கையைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். அவர்கள் தங்குவதற்கு ஓர் இடம் பார்த்துக் கொடுங்கள். விண்ணப்பம் கொடுக்கக் கடைசி நாள் வருவதற்குள் செய்தால் பெரிய உதவியாக இருக்கும். நேரில் வந்து பேசச் சொன்னாலும் வருகிறேன், எந்த நேரமானாலும் சரி.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள மாணவி,
இறுதியாண்டு, இதழியல் துறை,
மதுரை.

பி.கு: இன்டர்ன்ஷிப் அறிக்கை மூன்று பிரதிகளும் பைண்டிங் முடிந்து வந்துவிட்டன. நாற்பது பக்கத்துக்கு ஒரு பக்கம் குறைந்தது. சுற்றறிக்கையின் நகலைக் கடைசிப் பக்கமாகச் சேர்த்திருக்கிறேன், கணக்குச் சரியாகிவிட்டது.