பதினோராம் குரோமோசோமில் ஓர் எழுத்து

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு தரம் படித்தேன். ஹீமோகுளோபின் 10.4, சிவப்பணுவின் அளவைச் சொல்லும் எம்சிவி 66, ஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 5.2 சதவீதம். கீழே 'பீட்டா தலசீமியா ட்ரெய்ட்'. போனில் நீ அழுததில் எனக்கும் பேச்சு வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ஒன்று கண்ணு, உனக்கு நோய் இல்லை. தலசீமியா என்பது பரம்பரையாக வரும் ரத்தக் குறைபாடு; ட்ரெய்ட் என்றால் அதன் பழுதை ஒரு நகலில் மட்டும் சுமப்பவள் என்றுதான் அர்த்தம். சிவப்பணுவில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினில் ஆல்ஃபா சங்கிலி இரண்டு, பீட்டா சங்கிலி இரண்டு. பீட்டாவைச் செய்யச் சொல்வது பதினோராம் குரோமோசோமில் இருக்கும் எச்பிபி மரபணு. 146 அமினோ அமிலங்களைக் கோத்த சங்கிலி அது. அந்தக் குறிப்பு மரபணுவில் மூன்று துண்டாக இருக்கிறது; நடுவில் வேண்டாத பகுதிகளை வெட்டிவிட்டுத் துண்டுகளைச் சேர்க்க வேண்டும். அம்மா ரவிக்கைத் துணியில் சாக்பீஸால் கோடு போட்டு வெட்டுவாளே, அப்படித்தான். கோடு கலைந்தால் கத்தரி தவறான இடத்தில் போகும். நம் நாட்டில் அதிகம் காணப்படும் பிழை அந்தக் கோட்டில்தான்: டிஎன்ஏ எழுத்துகளில் ஜி இருக்க வேண்டிய ஓரிடத்தில் சி. உனக்கு இருப்பது அதுவா, வேறா என்று டிஎன்ஏ பரிசோதனைதான் சொல்லும். இதே மரபணுவில் இன்னோர் எழுத்து மாறினால் சிவப்பணு அரிவாள்போல் வளையும் சிக்கிள் செல் குறைபாடு; 1952-லேயே நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அதைக் கண்டறிந்து எழுதியிருக்கிறார்கள்.

இந்த மரபணு அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு நகலாக வரும்; உனக்கு ஒரு நகல்தான் பழுது. இன்னொன்று ஒழுங்காக வேலை செய்கிறது, அதனால் சிவப்பணு சிறியதாக, வெளிறி இருக்கும், அவ்வளவுதான். பள்ளிக்கூடம் படிக்கும்போதே உனக்கு ரத்தம் குறைவு என்றார்கள். முருங்கைக்கீரையும் இரும்பு மாத்திரையுமாக வருடங்கள் போயின. ஊரார் ரத்தத்தையெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பார்த்த நான், உன் ரத்தத்தை ஒரு ஸ்லைடில் தடவிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்கவில்லை. மன்னித்துக்கொள்.

மாப்பிள்ளை வீட்டில் எப்படிச் சொல்வது என்று கேட்டாய். நிச்சயத்துக்கு முன்னால் சொல்லியே ஆக வேண்டும். அவருக்கும் ஏ2 பார்த்தாக வேண்டும். அவருக்கு இல்லையென்றால் கவலையே இல்லை. அவரும் உன்னைப் போலவே என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு, குழந்தைக்கு இரண்டு நகலும் பழுதாக வரலாம்.

அப்படிப்பட்ட குழந்தைகளை ரத்த வங்கியில் வேலை பார்த்தபோது நிறையப் பார்த்தேன். பிறக்கும்போது நன்றாகத்தான் இருப்பார்கள், கருவில் பீட்டாவுக்குப் பதிலாக இருந்த காமா சங்கிலி சில மாதம் தாங்கும். அது குறைந்து பீட்டா வர வேண்டிய நேரத்தில் வராது, பிள்ளை வெளிறிப்போகும். அப்புறம் இரண்டு முதல் நான்கு வாரத்துக்கொரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், சேரும் இரும்பை வெளியேற்ற மருந்து. ஒரு பையன், ஆறு வயதிருக்கும், தானே சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, "இந்தக் கையில குத்துங்க, அந்தக் கை போன தடவ வலிச்சுது" என்பான். அவன் பெற்றோருக்குத் திருமணத்துக்கு முன் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இருவருக்கும் இருந்தாலும் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை. கர்ப்பத்தின் 11, 12 வாரத்திலேயே கருவைப் பரிசோதிக்கலாம். அதற்கு முன்னமே உங்கள் இருவரின் பிழையும் எதுவென்று தெரிந்திருந்தால் நல்லது.

உடலில் இரும்பின் இருப்பைச் சொல்லும் ஃபெரிட்டின் பார்க்காமல் இரும்பு மாத்திரையைத் தொடராதே. உனக்கு இது எங்களில் ஒருவரிடமிருந்துதான் வந்திருக்கும். நாளைக் காலை நானும் அம்மாவும் ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம், தம்பியையும் கூட்டிப் போகிறேன். ரிசல்ட் வந்ததும் மாப்பிள்ளை வீட்டுக்கு நானே நேரில் போய்ப் பேசுகிறேன். நீ சாப்பிட்டுவிட்டுத் தூங்கு.

அப்பா