கசிகிற மரப்படகுக்குக் கண்ணாடியிழைப் போர்வை வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பில் பழைய மரப்படகைப் புதுப்பிப்பது பற்றி வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஒரு பாயும் இரண்டு துடுப்புகளும் கொண்ட, நான்கு மீட்டருக்குச் சற்றுக் குறைவான மரப்படகு ஒன்று என்னிடமும் இருக்கிறது. கசிவுக்கு மருந்தாக வெளிப்புறம் முழுவதும் கண்ணாடியிழையை (ஃபைபர் கிளாஸ்) பிசின் தடவி ஒட்டிவிடச் சொல்கிறார் கட்டுரையாளர். ஒட்டுப்பலகைப் (பிளைவுட்) படகென்றால் சரி. தனித்தனிப் பலகைகளை விளிம்பின்மேல் விளிம்பு ஏற்றிச் செப்பு ஆணியால் இறுக்கிய படகுக்கு அது ஆகாது. யாரேனும் பிசின் வாங்கக் கிளம்புவதற்குள் இதை வெளியிட வேண்டுகிறேன்.

அத்தகைய படகு, கரையில் காய்ந்து கிடந்துவிட்டு நீரில் இறங்கினால் கசியத்தான் செய்யும். பலகை நீர் குடித்து உப்பியதும் இடைவெளி தானாக மூடிக்கொள்ளும். இறக்குவதற்கு முதல்நாளே நனைத்த சாக்குகளை உள்ளே பரப்பி வையுங்கள். பாதிக் கசிவு அங்கேயே நின்றுவிடும். இப்படி உப்பியும் சுருங்கியும் அசைகிற மரத்தின்மேல் அசையாத கண்ணாடியிழை ஓடு ஒன்றை ஒட்டினால், காலப்போக்கில் ஓடு பிரியும் அல்லது விரியும். அந்த விரிசலில் நுழைந்த நீர் வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்கும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டிச் சில காலம் நின்றாலே பூஞ்சைக்குக் கொண்டாட்டம். வெளியே பளபளப்பு, உள்ளே பொடிப்பொடி!

உப்புநீர் மரத்தை அவ்வளவு எளிதில் அழுக விடாது, மழைநீர்தான் எமன். (கடலில் மரத்தைக் குடையும் கப்பல்புழு வேறு கதை. புழு என்று பெயரே தவிர, அது சிப்பி இனம்.) ஆகவே மழை இறங்காமல் படகைத் தார்ப்பாயால் போர்த்துங்கள், ஆனால் இரு முனைகளிலும் காற்றுப் புகும்படி போர்த்துங்கள். செப்பு ஆணி இருக்கும் இடத்தில் இரும்புத் திருகாணி முடுக்கவும் வேண்டாம். ஈரத்தில் இரண்டும் சேர்ந்தால் இரும்புதான் அரித்துப்போகும்.

கட்டுரையாளர் பெரிய பாயும் உயரமான பாய்மரமும் மாட்டச் சொல்வதிலும் எனக்கு உடன்பாடில்லை. சிறு படகில் முதலில் கவனிக்க வேண்டியது துடுப்பு. கடையில் கிடைப்பவை பெரும்பாலும் குட்டையாகவே இருக்கின்றன. படகின் இரு விளிம்புகளிலும் துடுப்பைத் தாங்கும் துடுப்பு வளையங்களுக்கு இடையே 120 செ.மீ. அகலம் என்றால், துடுப்பின் நீளம் சுமார் 230 செ.மீ. இருக்கவேண்டும், அதில் 65 செ.மீ. வளையத்துக்கு உட்புறம் வரும். வளையத்தில் உரசும் இடத்தில் தோல் சுற்றிக் கொழுப்பு தடவிவிட்டால் கிரீச்சொலி போகும், மரமும் தேயாது.

அதைவிட மலிவான இன்னொரு திருத்தம் இருக்கிறது. குதிகால் ஊன்ற ஒரு குறுக்குக்கட்டை. ஊன்ற இடமில்லாதவர் கையால் மட்டும் இழுக்கிறார். இருக்கைப் பலகையில் வழுக்கவும் செய்கிறார். கட்டை இருந்தால் காலும் முதுகும் வேலை செய்யும். ஆளுக்கு ஆள் கால் நீளம் மாறுமே, அதனால் அடிப்பலகையில் நாலைந்து பள்ளம் வெட்டி, நகர்த்தி மாட்டும்படி செய்திருக்கிறேன். பழைய நாற்காலிக் காலில் செய்தது. என் படகில் நான் செய்த திருத்தங்களிலேயே பயன்மிக்கது அதுதான்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். கட்டுரையில் வரும் 'மரம் மிதக்கும், பயம் வேண்டாம்' என்ற வரி ஆபத்தானது. மரப்படகு கவிழ்ந்து நிரம்பினால் பெரும்பாலும் மிதக்கத்தான் செய்யும். ஆனால் விளிம்பு நீர்மட்டத்தோடு மட்டமாக. ஒரு வாளி இறைத்தால் ஒரு வாளி உள்ளே வரும். நடுப்பலகை (பாய் விரிக்கும்போது படகு பக்கவாட்டில் நழுவாமல் இருக்க அடியில் இறக்கும் பலகை) இறங்கும் பிளவு வழியாகவும் நீர் ஏறும். இருக்கைகளுக்கு அடியில் காற்றுப்பைகள் கட்டினால்தான் படகு இறைக்கும் அளவுக்கு உயர்ந்து நிற்கும். 50 லிட்டர் பை நீரில் மூழ்கும்போது ஏறக்குறைய 50 கிலோ விசையோடு மேலே தள்ளும். ஆகவே பையைக் கட்டச் சணல் கயிறு போதாது, அகலமான பட்டை வார் வேண்டும். மற்றவற்றுக்கு இடமில்லை என்றாலும், இந்தப் பத்தியை மட்டுமாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் திருத்தமாக வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
மரப்படகு வைத்திருக்கும் வாசகர்