ஒரு மிட்ஃபீல்டருக்கு வருடத்துக்கு எத்தனை ஆட்டம்?

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பின் தலைவர் அவர்களுக்கும் செயற்குழு உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் ஓர் அரசுப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருக்கிறேன். காலை ஐந்தரை மணிக்கும் பள்ளி விட்ட பிறகும் பெண் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். 2023-24ஆம் ஆண்டின் சிறந்த இந்திய வீராங்கனை என்று நீங்கள் எங்கள் மாவட்டத்துப் பெண்ணைத் தேர்ந்தெடுத்தீர்கள். இந்துமதி கதிரேசன். மிட்ஃபீல்டர், அதாவது நடுக்களத்தில் ஆடுகிறவர். அந்தச் செய்தி வந்த அன்று என் பிள்ளைகள் பயிற்சியை நிறுத்திவிட்டு மைதானத்தைச் சுற்றி ஓடினார்கள். நானும் அவர்களைத் தடுக்கவில்லை. முதலில் அதற்கு மனமார்ந்த நன்றி.

நன்றி சொல்லிவிட்டு, அவருடைய ஆட்ட வாழ்க்கையையே முன்னால் வைத்து உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. விருது பெற்ற அந்தப் பருவத்தில் இந்திய மகளிர் லீக்கில் இருந்தவை 7 அணிகள். சொந்த ஊரில் ஒரு முறை, எதிரணி ஊரில் ஒரு முறை என்று ஓர் அணிக்கு மொத்தம் 12 ஆட்டங்கள். அதே பருவத்தில் இந்தியன் சூப்பர் லீக்கில் ஆண்கள் அணி ஒவ்வொன்றும் லீக் சுற்றில் மட்டும் 22 ஆட்டங்கள் ஆடியது. இங்கிலாந்தின் மகளிர் சூப்பர் லீக்கிலும் 22. ஸ்பெயினின் மகளிர் லீக்கில் 30. நாட்டின் முதல் வீராங்கனை என்று நாம் கொண்டாடிய ஒருவருக்கு, நாட்டின் முதல் லீக்கில் 12.

இந்த எண்ணிக்கை எல்லா வீராங்கனைகளையும் பாதிக்கிறது. மிட்ஃபீல்டரைத்தான் மிக ஆழமாக வெட்டுகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

கோல்கீப்பருக்குத் தனியாகப் பயிற்சி கொடுக்க முடியும். ஒரு ஸ்ட்ரைக்கர் பத்துப் பந்தை வரிசையாக வைத்துக்கொண்டு சாயங்காலம் முழுக்க வலைக்குள் அடித்துப் பழகலாம். நடுக்களத்தில் ஆடுகிற பெண் அப்படித் தனியாகப் பழக எதுவும் இல்லை. அவளுடைய வேலையே மற்ற 21 பேர் எங்கே நிற்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தோளுக்கு மேல் திரும்பி இரண்டு தடவையாவது பார்த்திருக்க வேண்டும். பார்த்ததை மனதில் வைத்துக்கொண்டு, முதல் தொடுதலிலேயே உடம்பைத் திருப்ப வேண்டும். தன்னை அடைக்க வருகிறவள் இடக்கால்காரியா, வலக்கால்காரியா, களைத்திருக்கிறாளா என்று தெரிந்திருக்க வேண்டும். 20ஆவது நிமிடத்தில் எதிரணித் தடுப்புக்கு இடையே தைரியமாகக் கொடுக்கிற த்ரூ பாஸை, ஒரு கோல் முன்னிலையில் இருக்கும்போது 80ஆவது நிமிடத்தில் கொடுக்கக் கூடாது என்று கால் தானாக அறிய வேண்டும். எப்போது வேகம், எப்போது நிதானம், எப்போது சும்மா பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு அணிக்கு மூச்சு விட நேரம் வாங்கிக் கொடுப்பது, இதெல்லாம் கரும்பலகையில் வரைந்து காட்டினால் வராது. பயிற்சி ஆட்டத்திலும் முழுசாக வராது, ஏனென்றால் அங்கே தோற்பதற்கு ஒன்றும் இல்லை. புள்ளிப் பட்டியல் உள்ள ஆட்டத்தில், தெரியாத அணிக்கு எதிராக, வாரா வாரம் ஆடித்தான் வரும். அதனால்தான் இந்த இடத்தில் ஆடுகிறவர்கள் தாமதமாகப் பழுக்கிறார்கள். இருபத்தைந்து வயதுக்கு மேல்தான் அவர்களுடைய நல்ல ஆட்டமே தொடங்குகிறது.

இனி இந்துமதியின் அந்த வயதைப் பாருங்கள்.

அவர் பிறந்தது 1994இல். 2017 ஜனவரியில் சிலிகுரியில் நடந்த தெற்காசிய மகளிர் சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டத்தில் வங்கதேசத்தை இந்தியா 3-1 என்று வென்றபோது, அதில் ஒரு கோல் அவருடையது. 2018இல் மணிப்பூரை வென்று தமிழ்நாடு முதல் முறையாகத் தேசிய சீனியர் சாம்பியன் ஆன அணியில் இருந்தார். 2019 மார்ச்சில் நேபாளத்தின் பிராட்நகரில் வங்கதேசத்துடன் தெற்காசிய அரையிறுதி. இந்தியாவின் 4 கோல்களில் 2 அவர் அடித்தது. அதே வருடம் மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் லீக் பட்டத்தை வென்றது, அந்த அணியிலும் அவர் இருந்தார். தமிழ்நாட்டுக்கு அந்தப் பட்டம் அதற்கு முன் வந்ததில்லை. அந்த லீக்கின் இறுதிச் சுற்று மே 5இல் தொடங்கி 22இல் முடிந்தது. பஞ்சாப் வெயிலில், 18 நாட்களுக்குள், பட்டம் வென்ற அணி 7 ஆட்டங்கள் ஆடியது. அதை நாம் ஒரு தேசிய லீக் என்று அழைத்தோம். சரி, அப்போது அதுதான் இருந்தது. இருந்ததில் அவர்கள் ஜெயித்தார்கள்.

அப்புறம் 2020. பெங்களூருவில் பிப்ரவரி மாதம் லீக் முடிந்தது. அடுத்த லீக்கின் முதல் ஆட்டம் நடந்தது 2022 ஏப்ரலில், புவனேஸ்வரில். நடுவில் இரண்டு வருடம், இரண்டு மாதம். பெருந்தொற்றுக் காலம்தான், மறுக்கவில்லை. ஆனால் அதே காலத்தில் கோவாவில் ஆண்களுக்கு உயிர்க்குமிழி, அதாவது வெளியாட்கள் நுழையாத பாதுகாப்பு வளையம், அமைத்து இரண்டு முழுப் பருவங்கள் சூப்பர் லீக் நடத்தப்பட்டது. பெண்களுக்கு ஒரு சிறிய குமிழிகூடக் கிடைக்கவில்லை. தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளரான இந்துமதி அந்த 2020இல் சென்னையில் ஊரடங்குப் பணியில் தெருவில் நின்றார். அதை அவர் மனமுவந்து செய்தார், அவரை நினைத்து எங்களுக்குப் பெருமை. ஆனாலும் லீக் நின்றபோது அவருக்கு வயது 25, மறுபடி தொடங்கியபோது 27. தேசிய அணிக்குச் சில வெளிநாட்டுப் பயணங்கள் இருந்தன. வாராந்திர ஆட்டம் என்று ஒன்றும் இல்லை.

2022 ஜனவரியில் ஆசியக் கோப்பை நம் நாட்டிலேயே நடந்தது. நவி மும்பையில் ஈரானுடன் கோல் இல்லாத டிரா. அடுத்த ஆட்டத்துக்கு முன் அணியில் பலருக்குத் தொற்று, களம் இறங்க ஆள் இல்லை, இந்தியா வெளியேறியது. ஆடிய அந்த ஒரு ஆட்டமும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. அதே வருடம் ஆகஸ்டில் ஃபிஃபா நம் கூட்டமைப்பை இடைநீக்கம் செய்தபோது, ஆசியக் கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்டில் போய் இறங்கியிருந்த கோகுலம் கேரளா மகளிர் அணி ஓர் ஆட்டம்கூட ஆடாமல் திரும்பியது. வீராங்கனைகள் செய்த தவறு அதில் எதுவும் இல்லை.

இத்தனைக்குப் பிறகும் இந்துமதி 2023இல் கோகுலத்துடன் லீக் பட்டம் வென்றார், 2024இல் ஒடிசாவுடன் வென்றார். மூன்று கிளப்களில் மூன்று பட்டங்கள். அதற்குப் பிறகுதான் உங்கள் விருது வந்தது, கிட்டத்தட்ட 30 வயதில். காணாமல் போன அந்த ஆட்டங்களும் இருந்திருந்தால் அவர் எப்படிப்பட்ட ஆட்டக்காரர் ஆகியிருப்பார் என்று ஒரு பயிற்சியாளராக நான் அடிக்கடி யோசிக்கிறேன். நீங்களும் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2021 நவம்பர் 25ஆம் தேதி மனாவ்ஸ் நகரில் பிரேசிலுடன் நம் அணி ஆடியது நினைவிருக்கும். 6-1 என்று தோற்றோம், மனிஷா கல்யாண் ஒரு கோல் அடித்தார். பிரேசிலின் ஃபோர்மீகா தன் நாட்டுக்காக ஆடிய கடைசி ஆட்டம் அது. அவரும் மிட்ஃபீல்டர்தான். பிரேசிலில் பெண்கள் கால்பந்து ஆடக் கூடாது என்று 1941இல் போட்ட தடை 1979 வரை இருந்தது. அவர் பிறந்தது 1978இல். தன் ஆட்டமே சட்டப்படி குற்றமாக இருந்த நாட்டில் பிறந்த பெண், 7 உலகக் கோப்பைகளும் 7 ஒலிம்பிக்குகளும் ஆடினார். விடைபெறும்போது வயது 43. ஸ்வீடன், அமெரிக்கா, பிரான்ஸ் என்று லீக் இருந்த இடங்களுக்கெல்லாம் போய் ஆடிக்கொண்டே இருந்தார். அன்று மைதானத்தின் மறுபாதியில் நின்ற நம் பெண்களுக்கோ, சொந்த நாட்டில் லீக் நடந்து இருபத்தொரு மாதம் ஆகியிருந்தது. அந்த ஸ்கோரைப் பார்த்துச் சிரித்தவர்கள் உண்டு. எனக்கு அழுகைதான் வந்தது.

சம்பளத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். 2023இல் நீங்கள் ஒரு நல்ல முடிவு எடுத்தீர்கள். லீக்கின் முன்னணிக் கிளப்கள் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளையாவது தொழில்முறை ஒப்பந்தத்தில் எடுக்க வேண்டும், வருடத்துக்குக் குறைந்தது 3.2 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டும் என்றீர்கள். மாதத்துக்கு 27 ஆயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. தொடக்கம் என்ற அளவில் வரவேற்கிறேன். ஆனால் ஆட்டமே சில மாதங்களில் முடிந்துவிட்டால், மீதி மாதங்களுக்கும் ஒரு வீராங்கனையை வைத்துக்கொள்ள எந்தக் கிளப்புக்கு மனம் வரும்? இந்துமதிக்குக் காவல்துறை. 2025 ஜூலையில் சியாங் மாயில் தாய்லாந்துக்கு எதிராக இரண்டு கோலும் அடித்து, தகுதிச் சுற்று ஆடி வென்று ஆசியக் கோப்பைக்குப் போகும் முதல் வாய்ப்பை இந்தியாவுக்கு வாங்கிக் கொடுத்த சங்கீதா பாஸ்ஃபோர், எல்லைக் காவல் படையான சசஸ்திர சீமா பலில் வேலை பார்க்கிறவர். நம் இரண்டு பெரிய மிட்ஃபீல்டர்களுமே சீருடை வேலையைப் பிடித்துக்கொண்டுதான் கால்பந்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

ஒப்பந்தம் 12 மாதம் இல்லாவிட்டால் இன்னொன்றும் அடிபட்டுப் போகும். கர்ப்பமான வீராங்கனைக்கு 14 வாரம் சம்பளத்துடன் விடுப்பு, அதில் 8 வாரமாவது பிரசவத்துக்குப் பிறகு, சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையக் கூடாது என்று ஃபிஃபா 2021 முதல் விதி வைத்திருக்கிறது. ஐஸ்லாந்தின் மிட்ஃபீல்டர் சாரா பியோர்க் குன்னர்ஸ்தோத்திர் அந்த விதியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் பிரான்ஸின் லியோன் கிளப் நிறுத்திவைத்த 82,000 யூரோவுக்கு மேற்பட்ட சம்பளத்தைப் பெற்றார். அவரிடம் நீண்ட ஒப்பந்தம் இருந்தது. சில மாத ஒப்பந்தம் மட்டும் உள்ள நம் பெண் எந்தக் காகிதத்தைக் காட்டுவாள்?

என்னைப் பற்றி இரண்டு வரி. நானும் மாவட்ட அணியில் சென்டர் மிட் ஆடியவள். ஒரு போட்டியில் நான்கு நாளில் நான்காவது ஆட்டம். ஆட்டத்தில் உடம்பைத் திருப்பும்போது முழங்காலில் சத்தம் கேட்டது. ஐஸ் கட்டிகூட இல்லை. முன்சிலுவைத் தசைநார் கிழிந்திருக்கிறது என்று எனக்குத் தெரிய ஏழு மாதம் ஆனது. இந்தக் காயம் ஆண்களைவிடப் பெண்களுக்குப் பல மடங்கு அதிகம் வருகிறது. பல மாதம் ஆட்டமே இல்லாமல் இருந்துவிட்டு, திடீரென்று இரண்டு வாரத்தில் ஏழெட்டு ஆட்டம் ஆட வைத்தால் எந்த முழங்கால் தாங்கும்? ஆட்டத்தைப் பரப்பி வையுங்கள் என்று நான் கேட்பதில் இந்த வலியும் இருக்கிறது.

நீங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஒரே ஊரில் வைத்து முடித்த போட்டியை ஊர் ஊராக நடக்கிற லீக்காக மாற்றினீர்கள். 2024-25இல் அணிகள் 8 ஆகி, ஆட்டங்கள் 14 ஆனது. கீழே இரண்டாம் பிரிவும் வந்திருக்கிறது. ஆனால் 12இலிருந்து 14க்குப் போகிற இந்த வேகத்தில், இப்போது என்னிடம் பழகுகிற பிள்ளைக்கு 22 ஆட்டம் கிடைக்கும்போது அவளுக்கு ஆடும் வயது முடிந்திருக்கும். ஸ்பெயின் வீராங்கனைகள் 2019 நவம்பரில் வேலைநிறுத்தம் செய்துதான் குறைந்தபட்ச ஊதிய ஒப்பந்தம் பெற்றார்கள். 2022இல் அவர்கள் லீக் தொழில்முறை லீக் ஆனது, 2023இல் உலகக் கோப்பை அவர்கள் கையில் இருந்தது. அந்த நாட்டு மிட்ஃபீல்டர் ஐத்தானா பொன்மாத்தி 2023 முதல் 2025 வரை உலகின் சிறந்த வீராங்கனைக்கான பாலோன் டி'ஓர் விருதை மூன்று முறை வரிசையாக வாங்கினார். நம் பெண்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டிய நிலைக்கு விடாதீர்கள்.

நான் கேட்பது ஆட்டங்கள்தான். மூன்று பருவங்களுக்குள் ஓர் அணிக்கு 22 லீக் ஆட்டங்கள் என்று ஒரு இலக்கை எழுத்தில் வையுங்கள். அது வந்தால் ஒப்பந்தத்தின் நீளம் கூடும், கிளப்கள் பிசியோவை வருடம் முழுக்க வைத்துக்கொள்ளும். பணம் எங்கே என்று கேட்பீர்கள். கூட்டமைப்பின் வரவு செலவில் மகளிர் லீக்குக்கு எவ்வளவு ஒதுக்குகிறீர்கள் என்பதைப் பொதுவில் வையுங்கள், அதிலிருந்து பேசத் தொடங்கலாம்.

என்னிடம் பதின்மூன்று வயதில் ஒரு மிட்ஃபீல்டர் இருக்கிறாள். பந்து வருவதற்கு முன் திரும்பிப் பார்க்கிற பழக்கம் அவளுக்குச் சொல்லிக் கொடுக்காமலே வந்திருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை உடைக்கிற வேலைக்குப் போகிற அவள் அம்மா, விளையாட்டு விடுதிக்கு அனுப்பலாமா என்று கேட்க வந்தார். "டீச்சர், இந்துமதி மாதிரி போலீஸ் வேலை கிடைச்சிடுமா?" என்றார். கிடைக்கலாம் அக்கா என்றேன். "அப்ப பந்து ஆடறதுக்கே சம்பளம் வராதா?" என்று கேட்டார். வருடத்தில் எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை வரும் என்று அவருக்குச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை.

பள்ளி திறக்கிற ஜூன் மாதத்துக்குள் அடுத்த பருவத்தின் முழு அட்டவணையை வெளியிடுங்கள், தொடங்கும் நாளும் முடியும் நாளும் சேர்த்து. வந்ததும் அச்செடுத்து எங்கள் பந்து வைக்கிற அறையின் கதவில் ஒட்டிவிட்டு, அந்த அம்மாவை ஒரு நாள் வரச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
ஓர் உடற்கல்வி ஆசிரியை
கடலூர் மாவட்டம்