வீட்டைக் கட்டியவர்கள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அவ்வப்போது கட்டுரை வருகிறது, விடாமல் படிக்கிறேன், சந்தோஷம்தான். ஆனால் பர்மா தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, ஆத்தங்குடிக் கல் என்று எல்லாவற்றிலும் ஒரே பட்டியல். படம் மட்டும் மாறுகிறது. சாமான் எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்று இவ்வளவு சுத்தமாகத் தெரிந்த நமக்கு, அதை வைத்துக் கட்டிய ஆள் எந்த ஊர்க்காரர் என்று ஏன் தெரியவில்லை?

இந்தக் கேள்வி நானாகக் கேட்டதில்லை. என் அண்ணன் மகள் அமெரிக்காவில் தெற்குக் கரோலினா மாநிலத்தில் இருக்கிற சார்ல்ஸ்டன் நகரத்தில் பழங்கட்டடப் பாதுகாப்பு பற்றி முதுகலை படிக்கிறாள். அந்த ஊரின் பழைய வீடுகள், அவற்றின் சரித்திரம், அந்த ஊர்க்காரர்கள் தங்களை யாரென்று நினைத்துக்கொள்கிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆய்வு. ஒரு நாள் போனில், "அயித்தை, நம்ம வீட்டைக் கட்டுன கொத்தனார் பேரு என்ன?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. பங்காளிகளிடம் கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை. முகப்பில் இருக்கிற சலவைக்கல் எந்தக் கப்பலில் வந்தது என்று மட்டும் ஆளுக்கொரு கதை சொன்னார்கள்.

சார்ல்ஸ்டன் 1670இல் குடியேறிய ஊர். அங்கே ஒரு தனி மாதிரி வீடு இருக்கிறதாம், அகலத்துக்கு ஒரே அறை, குறுகலான பக்கம் தெருவைப் பார்த்திருக்கும், நீளவாக்கில் தெற்கோ மேற்கோ பார்த்து ஒரு தாழ்வாரம், கடல்காற்று வாங்க. தெருக்கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போக முடியாது, அந்தத் தாழ்வாரத்துக்குத்தான் போவோம், அப்புறம்தான் வீடு. 1886இல் பெரிய பூகம்பம் வந்து சுவரெல்லாம் பிளந்தபோது இரும்புக் கம்பியை வீட்டுக்குக் குறுக்கே விட்டு முறுக்கி நிறுத்தியிருக்கிறார்கள், அதன் தலைகள் இன்றைக்கும் வெளிச்சுவரில் தெரிகின்றனவாம். கேட்கக் கேட்க நம் ஊர் ஞாபகம்தான் வந்தது. அங்கேயும் அரிசிப் பணம், இங்கேயும் பர்மா நெல் விவசாயிகளுக்குக் கடன் கொடுத்துச் சம்பாதித்த அரிசிப் பணம். பணம் போனதால்தான் வீடு பிழைத்தது என்பதும் இரண்டு ஊருக்கும் பொருந்தும். உள்நாட்டுப் போருக்குப் பிறகு அவர்களிடம் இடித்துக் கட்டக் காசில்லை, 1942இல் ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்த பிறகு நம்மில் பலரிடமும் இல்லை.

அந்த ஊர்க்காரர்கள் ஒன்றும் முதலிலிருந்தே யோக்கியமாக வரலாறு எழுதியவர்கள் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். 1803இல் கட்டிய மேனிகால்ட் வீட்டை இடிக்கப் பார்த்தபோது, 1920இல் ஊர்ப் பெண்கள் முன்னால் நின்று ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். 1931இல் நகரசபை ஒரு பகுதியையே பழமையான வட்டாரம் என்று அறிவித்துச் சட்டம் போட்டது, அமெரிக்காவிலேயே அதுதான் முதல். நல்ல காரியம். ஆனால் வீடு பிழைத்ததே தவிர, பழுது பார்த்த தெருக்களில் அதுவரை வாடகைக்கு இருந்த கறுப்பின மக்கள் பலர் வெளியேற வேண்டியிருந்தது. முதலாளி வீட்டு நாற்காலி, சரவிளக்கு, ஜன்னல் கண்ணாடி என்றுதான் வெகுகாலம் கதை சொன்னார்கள். வட அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க அடிமைகளில் ஏறத்தாழ 40 சதவீதம் பேர் இறங்கிய துறைமுகம் அது. கரோலினா அரிசியை விளைவித்தவர்கள் அவர்கள், சதுப்பு நிலத்தில் நெல் போடும் வித்தையை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பலர் கையோடு கொண்டுவந்தார்கள் என்றும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சே வராது. நகரசபை அடிமைமுறைக்காக மன்னிப்புக் கேட்டது 2018இல்தான். அடிமைக் கப்பல்கள் வந்து நின்ற கேட்ஸ்டன் துறையில் ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கான அருங்காட்சியகம் திறந்தது 2023இல்.

இப்போது அங்கே படிக்கிற பிள்ளைகள் வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அய்க்கன் ரெட் வீடு என்று ஒன்று, அதற்குப் புது வண்ணம் பூசி மினுக்காமல் கையில் கிடைத்த நிலையிலேயே வைத்திருக்கிறார்கள், அதன் பின்கட்டில் அடுப்படி, துணி வெளுக்கிற இடம், அடிமைகள் படுத்த அறைகள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. பிள்ளைகள் டேப்பைப் பிடித்து ஒவ்வொரு சுவராக அளந்து வரைகிறார்கள். உத்தரத்து மரத்தின் வளையத்தை எண்ணி எந்த வருடம் வெட்டிய மரம் என்று கண்டுபிடிக்கிறார்கள். வண்ணத்தை அடுக்கடுக்காகச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். பத்திரப்பதிவு, உயில், தீ இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் போட்ட பழைய தெரு வரைபடம் எல்லாவற்றையும் புரட்டுகிறார்கள். சில செங்கற்களில் விரல் பதிந்திருக்கிறது, பச்சை மண்ணாக இருந்தபோது தூக்கிய அடிமைகளின் விரல், அதில் குழந்தைகளுடையதும் உண்டு. அண்ணன் மகள் அனுப்பிய படத்தில் அந்தப் பள்ளம் என் சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்கு இருந்தது.

நம் வீடுகளைக் கட்டியவர்கள் அடிமைகள் இல்லை, கூலி வாங்கி வேலை செய்தவர்கள், இரண்டையும் ஒரே தட்டில் வைக்க நான் வரவில்லை. ஆனால் அந்தக் கூலிக் கணக்கு எங்கே? நம் ஆட்கள் அரையணாவுக்குக் கணக்கு எழுதியவர்கள். எந்த ஆசாரி நிலைக்கதவு செதுக்கினார், சுண்ணாம்பு அரைத்த பெண்ணுக்கு என்ன கூலி, எத்தனை வருடம் வேலை நடந்தது, எல்லாம் பேரேட்டில் இருந்திருக்கும். பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன ஆட்களின் சம்பளச்சீட்டு இருக்கும். அங்கே கடன் வாங்கிய விவசாயி பெயரும் இருக்கும். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மா நெல் நிலத்தில் ஏறத்தாழ கால்பங்கு நம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. நெல் விலை விழுந்து கடனைக் கட்ட முடியாமல் போனதால் வந்த நிலம் அது, நாங்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை என்று பெரியவர்கள் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் நிலத்தை இழந்தவனுக்கும் ஒரு கதை இருக்குமே. அதையும் சேர்த்து எழுதினால் நம் மதிப்பு ஒன்றும் குறைந்துவிடாது.

அந்தப் பேரேடுகள் இப்போது என்ன ஆகின்றன என்று காரைக்குடிக்காரர்களுக்குத் தெரியும். வீடு விலையாகிறபோது தூணும் கதவும் முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குப் போகின்றன, தகரப்பெட்டியோடு காகிதம் எடைக்குப் போகிறது. தூணையாவது யாரோ வாங்கி எங்கேயோ நிறுத்துவார்கள். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் புத்தகத்தோடு கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் என்று பிறர் தூக்கிப் போடுவதையெல்லாம் சேர்த்தார். 1992இல் அவர் காலமான பிறகு அதை விலைக்கு வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம், நல்லவேளையாகச் சென்னையிலேயே நூலகமாக வைத்தார்கள். நம் காகிதத்தின் அருமை அமெரிக்காவுக்குத் தெரிந்த அளவுக்குப் பக்கத்து ஊருக்குத் தெரியவில்லையே என்று எனக்குக் கோபம்தான்.

செட்டிநாட்டு ஊர்களை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் 2014இலேயே சேர்த்துவிட்டார்கள். அது வரும்போது வரட்டும். அழகப்பா பல்கலைக்கழகத்திலும் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு, ஆளுக்கு ஒரு வீடு என்று கொடுத்தால் என்ன? திண்ணையிலிருந்து வளவு என்கிற நடுமுற்றம் வரைக்கும் வேண்டாம், அதை எல்லாரும் எழுதியாயிற்று. இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணற்றடி, சாமான் அறை, அங்கே வேலை பார்த்தவர்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறார்கள் என்று எழுதச் சொல்லுங்கள். ஆத்தங்குடியில் கல் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களிடம் போய் அவர்கள் தாத்தா யார் யார் வீட்டுக்குக் கல் போட்டார் என்று கேட்கலாம். செலவும் பெரிதாக இல்லை, பஸ் கட்டணமும் ஒரு டேப்பும்தான்.

வீட்டுக்காரர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். சினிமா சூட்டிங் என்றால் வளவைத் திறந்து விடுகிறோம், படிக்கிற பிள்ளை வந்து பெட்டியைப் பார்க்கலாமா என்று கேட்டால் பாகப்பிரிவினை வழக்கு வந்துவிடும் என்று பயப்படுகிறோம். காகிதத்தைப் படம் பிடித்துக்கொண்டு அங்கேயே வைத்துவிட்டுப் போகட்டுமே.

எங்கள் வீட்டுச் சாமான் அறையில் தகரப்பெட்டிகள் இருக்கின்றன, கறையான் கொஞ்சம் சாப்பிட்டது போக மிச்சம் உண்டு. எந்தப் பிள்ளைக்காவது பயன்படும் என்றால் பல்கலைக்கழகத்துக் கடிதத்தோடு வரட்டும், திறந்து காட்டுகிறேன். பங்காளிகள் எல்லாரிடமும் பேசிவிட்டேன், சென்னையில் இருக்கிற ஒருவர் மட்டும் இன்னும் முனகுகிறார், அவரை நான் பார்த்துக்கொள்கிறேன். முன்னோர்களுக்குப் படைப்பு நடக்கிற வாரத்தில் மட்டும் வேண்டாம், வீட்டில் கால் வைக்க இடமிருக்காது.

இப்படிக்கு,
வள்ளியம்மை,
பள்ளத்தூர்