சுத்தியல் விழுந்த பிறகு வரும் எழுத்து

மாதச் சந்தா வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குத் தொலைக்காட்சி தரும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கு,

வணக்கம்.

உங்கள் பெயரை நான் இங்கே எழுதவில்லை. என் முறைப்பாடு உங்களிடம் இருக்கிறது. பெப்ரவரியிலிருந்து அதற்கு மூன்று இலக்கங்கள் தந்திருக்கிறீர்கள். ஆகவே முன்கதை வேண்டாம். ஆங்கிலத்தில் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் ஒரே பதில்தான் வந்தது: பொக்ஸை ஓஃப் பண்ணி, முப்பது வினாடி பொறுத்து, ஓன் பண்ணுங்கள். சரி, தமிழில் எழுதினால் எங்கள் சனமாவது வாசிக்கும் என்று நினைத்தேன். மகன் இதை ஆங்கிலத்தில் மாற்றி உங்களுக்கும் அனுப்பிவைப்பான்.

கேட்பது ஒன்றே ஒன்று. பழைய கார்களை ஏலம் விடுவதைக் காட்டும் ‘பாங்கர்ஸ் அன்ட் காஷ்’ நிகழ்ச்சியைப் பிறகு பார்ப்பதற்காக நீங்கள் வைத்திருக்கிறீர்களே, அதில் சப்டைட்டில் படத்தோடு சேர்ந்து வரவேண்டும். படம் எப்போதோ எழுத்தும் அப்போது. அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுக்கு எழுபத்தெட்டு வயது. இரண்டு காதிலும் மெசின். இரவுச் சாப்பாடு முடிந்து, சாய்கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு வயதான பெண்மணி, இறந்துபோன கணவரின் மொறிஸ் மைனரை ஏலத்துக்குக் கொடுக்கிறார். கராச் கதவு திறக்கிறது. தூசிக்குள்ளே கார். அந்த அம்மா பொனற்றில் கை வைத்து ஏதோ சொல்கிறார், சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைக்கிறார். அந்த நேரம் பார்த்துக் கீழே எழுத்து வருகிறது: அதற்கு முன் காட்டிய வேறொரு காரின் ஆசனத்துக்குள் எலி குடும்பம் நடத்தியதைப் பற்றிய பகிடி. அப்பா அதை வாசித்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தார். சிரித்தபடியே நிமிர்ந்து படத்தைப் பார்த்தார்.

“அந்த மனிசி அழுகுது பிள்ளை, நான் இருந்து சிரிக்கிறன்.”

இதைச் சொல்லிவிட்டு அவரே ரிமோட்டை எடுத்து நிறுத்தினார். அந்த அம்மா என்ன சொன்னார் என்று பிறகு கேட்டார். நான் பின்னுக்கு ஓட்டி, காதால் கேட்டு, மின்சாரக் கட்டணம் வந்த கடித உறையின் பின்பக்கத்தில் பேனையால் எழுதிக் கொடுத்தேன். மூன்று வரி. அதை மூக்குக்கண்ணாடி போட்டு வாசித்தார், மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். சில மாதமாகவே எங்கள் வீட்டுச் சப்டைட்டில் பிரிவு நான்தான். உறைகள் எல்லாம் யோர்க்ஷயர்க்காரரின் பேச்சால் நிறைந்து கிடக்கின்றன.

இதே நிகழ்ச்சிதான் வேண்டுமா, வேறு எதையாவது பார்க்கலாமே என்று உங்கள் அலுவலர் ஒருவர் தொலைபேசியில் கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், குறை சொல்லவில்லை. அவருக்கான பதிலை இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் தொலைபேசியில் எனக்கு வாய் வரவில்லை.

இங்கிலாந்தின் வட யோர்க்ஷயரில் பிக்கரிங் பக்கம் தோர்ன்டன்-லி-டேல் என்ற ஊர். அங்கே டெரெக் மாத்தியூசனும் மகன்மாரும் பழைய கார்களை ஏலம் விடுகிறார்கள். யாராவது இறந்துபோனால், வீடு விற்கப்பட்டால், கொட்டிலுக்குள் கிடந்த காரைப் போய்த் தூக்கி வருகிறார்கள். 2019இல் ‘யெஸ்டர்டே’ என்ற சனலில் இது தொடங்கியது. பெரிய பணக்காரரின் பளபளப்புக் கார்களைக் காட்டும் நிகழ்ச்சி அல்ல. கறள் பிடித்தது, தரை ஓட்டையானது, ஒரு காலத்தில் வாத்தியாரும் தபால்காரரும் ஓட்டியது, இப்படித்தான் பெரும்பாலும் வரும். அப்பாவுக்கு அதில் பாதிக் கார்களைக் கையால் தெரியும்.

யாழ்ப்பாணத்தில் அவருக்குச் சொந்தக் கராச் இருந்தது. மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ30, ஏ40, கேம்பிரிட்ஜ். இங்கிலாந்தில் அவற்றைக் கைவிட்டுப் பல காலமான பிறகும் எங்கள் ஊரில் கலியாண ஊர்வலத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அவைதான் ஓடின. 1990இல் பொருளாதாரத் தடை வந்து பெற்றோல் இல்லாமல் போனபோது, சின்னப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலைக் கார்பரேட்டருக்குள் நாலு சொட்டு விட்டு ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பிளக் கரி பிடித்து நின்றுவிடும். கழற்றி, துடைத்து, மறுபடி பூட்டி, மறுபடி ஓட்டம். அப்பாவின் கைவிரல் இடுக்கில் அந்த மணம் எனக்கு இப்போதும் நினைவிருக்கிறது. 95 இடப்பெயர்வோடு கராச் போனது. காது கேட்பது போனது அதற்கும் முன்பே. ரிங்கரிங் வேலையில் வருடக் கணக்காகத் தகடு அடித்ததில் கொஞ்சம், போரில் செல் விழுந்து வெடித்ததில் கொஞ்சம்.

இன்னொன்று, உங்களுக்குத் தெரிந்திருக்காது. தொண்ணூறுகளில் மொறிஸ் மைனருக்கான உடல் தகடுகளை இலங்கையில் செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். மட்காட் கறள் பிடித்த எத்தனையோ யோர்க்ஷயர்க் கார்கள் எங்கள் தீவின் தகரத்தைப் போட்டுக்கொண்டு ஓடியிருக்கும். ஆகவே, ஐயா, வேறு நிகழ்ச்சி வேண்டாம்.

இனி எழுத்துக்கு வருவோம். ‘சில வேளைகளில் சிறு தாமதம் ஏற்படலாம்’ என்று எழுதியிருந்தீர்கள். நான் கைத்தொலைபேசியில் ஸ்டொப்வொச் வைத்து அளந்தேன். நிகழ்ச்சி தொடங்கும்போது எழுத்து சரியாக இருக்கிறது. முதல் விளம்பர இடைவேளை முடிந்ததும் நான்கு வினாடி பிந்துகிறது. அடுத்த இடைவேளைக்குப் பிறகு ஏழு. கடைசிப் பகுதியில், அதாவது ஏலம் நடக்கும் பகுதியில், பதினொன்று. மூன்று வாரம், மூன்று பகுதி, ஒரே கணக்கு. பொக்ஸை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிய பிறகும் அதே பதினொன்று.

நான் சுப்பர்மார்க்கெட்டில் வேலை செய்பவள், பொறியியலாளர் அல்ல. ஆனால் இதைப் புரிந்துகொள்ள அவ்வளவு படிப்புத் தேவையில்லை. ஒவ்வொரு சப்டைட்டில் வரிக்கும் அது எத்தனையாவது வினாடியில் வந்து எத்தனையாவது வினாடியில் மறையவேண்டும் என்ற குறிப்பு கூடவே இருக்கும். படத்துக்குள் நீங்கள் உங்கள் விளம்பரங்களைச் செருகுகிறீர்கள். செருகிய நீளமும் கணக்கில் எடுத்த நீளமும் ஒத்துப்போகவில்லை. இடைவேளைக்கு இடைவேளை கூடிக்கொண்டே போவதற்கு எனக்கு வேறு காரணம் தெரியவில்லை. இருந்தால் சொல்லுங்கள். இது நேரலையும் அல்ல, யாரோ ஓடி ஓடித் தட்டச்சு செய்வதற்கு. நேரலைச் சப்டைட்டிலுக்கே மூன்று வினாடிக்கு மேல் போகவேண்டாம் என்று ஒளிபரப்பை மேற்பார்க்கும் ஆஃப்கொம் பல காலம் சொல்லிவந்தது. எப்போதோ எடுத்து, வெட்டி, ஒட்டி முடித்த நிகழ்ச்சிக்குப் பதினொரு வினாடி!

சனலின் பெயர்தான் ‘நேற்று’. எழுத்தும் நேற்றையதாக வரவேண்டுமா?

மற்ற நிகழ்ச்சி என்றால் பொறுத்துக்கொள்ளலாம். சமையல் நிகழ்ச்சியில் உப்புப் போட்ட பிறகு ‘உப்புப் போடுங்கள்’ என்று வந்தால் ஒன்றும் குடி முழுகாது. ஏலம் அப்படி இல்லை. ஏலம் என்றாலே நேரம்தான். அப்பாவுக்கு ஏலம் புதிதல்ல. கோயில் திருவிழாவில் மாம்பழம் ஏலம் விடுவதையும், பாசையூரில் விடியப்புறம் மீன் கூறுவதையும் பார்த்து வளர்ந்தவர். ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லி மூன்றாம் தரத்துக்கு முன் ஒரு மூச்சு விடுவான் பாருங்கள், அந்த மூச்சுக்குள்தான் எல்லாம் இருக்கிறது. எதிர்ப்பக்கம் ஒரு தலை அசையுமா, அசையாதா?

உங்கள் புண்ணியத்தில் எங்கள் வீட்டில் சுத்தியல் முதலில் விழுகிறது. சனம் கலைகிறது. அடுத்த கார் வந்து நிற்கிறது. அப்புறம்தான் கீழே ‘இன்னும் யாராவது கேட்கிறீர்களா?’ என்று வருகிறது. “அடிச்சு முடிஞ்சுதே, பிறகேன் கேக்கிறான்?” என்கிறார் அப்பா. இடையில் ஒரு ஜகுவாருக்கான பேச்சை அடுத்து வந்த மொறிஸுக்கு உரியதென்று நினைத்து, ரொறன்ரோவில் இருக்கும் பழைய கூட்டாளிக்குத் தொலைபேசி எடுத்து, நாங்கள் எல்லாம் மொறிஸை வைத்திருந்திருக்கவேண்டும் மச்சான் என்று பத்து நிமிடம் கதைத்தார். நான் திருத்தப் போகவில்லை. அந்த ஒரு இரவு சந்தோஷமாக இருந்தார்.

எழுத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும்படி ஒரு ஆலோசனை தந்திருந்தீர்கள். செய்து பார்த்தோம். நன்றி. இப்போது பெரிய எழுத்தில் பிந்துகிறது.

ஒன்றைக் கவனித்தேன், சொல்லாமல் இருக்க முடியவில்லை. விளம்பரங்களில் ஒன்றுகூடப் பிந்துவதில்லை. சோபா விற்பவன் வாய் திறக்கும்போதே எழுத்து வந்து நிற்கிறது. சந்தா கூடும் என்ற அறிவித்தலும் சரியான திகதிக்கு வந்தது, ஒரு நாள் முந்தியே என்று சொல்லலாம். ஆகவே நேரத்துக்கு வேலை செய்ய உங்களுக்குத் தெரியாது என்று நான் நம்பவில்லை.

முன்பு இந்த நாட்டில் ரிமோட்டில் 888 என்று அழுத்தினால் போதும். நாங்கள் வந்த புதிதில் அப்பா கற்றுக்கொண்ட முதல் ஆங்கில இலக்கம் அதுதான், தபால் குறியீட்டுக்கும் முந்தி. கறுப்புப் பட்டியில் பெரிய எழுத்து. அழகில்லை, ஆனால் ஆள் பேசும்போது வரும். 2012இல் பிபிசியின் தொலைக்காட்சி எழுத்துச் சேவையான சீஃபக்ஸ் மூடப்பட்டபோது அது பழைய தொழில்நுட்பம், புதியது இதைவிடத் திறமாக இருக்கும் என்றார்கள். திறமாகத்தான் இருக்கிறது. இப்போது எழுத்தின் நிறத்தை மாற்றலாம்.

பழைய கார் என்றால் இந்த நாட்டுக்கு எவ்வளவு மரியாதை! நாற்பது வயது தாண்டினால் வீதி வரி இல்லை. 2018 மே முதல், பெரிதாக மாற்றம் செய்யாத காருக்கு, வீதியில் ஓடத் தகுதியா என்று பார்க்கும் வருடாந்த எம்.ஓ.டி. சோதனையும் கட்டாயம் இல்லை. லண்டனில் புகைக் கட்டண வலயத்துக்குள்ளும் சும்மா போகலாம். நாற்பது தாண்டிய காருக்கு இவ்வளவு செய்கிற நாட்டில், அந்தக் காரைத் திருத்தித் திருத்தியே செவிடான எழுபத்தெட்டு வயது மனிதனுக்குப் பதினொரு வினாடியைத் திருத்த முப்பது நாட்களுக்கும் மேல் வேண்டுமாம், ‘தொழில்நுட்பக் குழு’வுக்கு அனுப்பியிருக்கிறீர்களாம். அந்தக் குழுவில் ஆள் இருக்கிறதா, அதுவும் அரட்டைப் பெட்டிக்குள் ‘ஹலோ, நான் உங்களுக்கு எப்படி உதவலாம்?’ என்று கேட்கும் அந்த இயந்திரம்தானா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன். மன்னிக்கவேண்டும்.

2024இல் வந்த ஊடகச் சட்டப்படி, பெரிய காணொளிச் சேவைகள் காலப்போக்கில் தங்கள் நிகழ்ச்சிகளில் நூற்றுக்கு எண்பதுக்குச் சப்டைட்டில் தரவேண்டும். நல்லது. உங்கள் கணக்கில் எங்கள் வியாழக்கிழமை நிகழ்ச்சி அந்த எண்பதுக்குள் ‘உண்டு’ என்று பதிவாகியிருக்கும் என்பதுதான் என் பயம். பெட்டியில் சரி போட்டாயிற்று, எழுத்தும் இருக்கிறது. எப்போது வருகிறது என்று யார் கேட்கிறார்கள்? நான் கேட்கிறேன். நிகழ்ச்சி தயாரிப்பவர்களிடமோ சனலிடமோ எனக்கு ஒரு சண்டையும் இல்லை. அதே பகுதியை என் சிநேகிதி வீட்டில் வேறு சேவையில் பார்த்தேன், வாயும் எழுத்தும் ஒன்றாகத்தான் போயின. ஆகவே பிழை உங்கள் பக்கத்தில், விளம்பரம் செருகும் இடத்தில்.

ஆஃப்கொமுக்கு எழுதுவேன் என்று மிரட்டவில்லை. இந்த மாத முடிவுக்குள் ஒரு மனிதர், பெயர் சொல்லிப் பேசக்கூடிய ஒரு மனிதர், இந்த நிகழ்ச்சியின் ஏதாவது ஒரு பகுதியைப் போட்டு, சத்தத்தை நிறுத்திவிட்டு, கடைசிப் பதினைந்து நிமிடத்தை இருந்து பார்க்கவேண்டும். பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டால் போதும். அதற்கு மேல் நான் விளக்கவேண்டி இருக்காது. பிறகு தயவுசெய்து அதைச் சரிசெய்யுங்கள்: படம் எப்போதோ எழுத்தும் அப்போது.

வரும் வியாழக்கிழமையும் அப்பா கதிரையை இழுத்துப் போடுவார். நான் அன்று பின்னேரத்திலிருந்து இரவு பத்து வரை வேலை. எழுதிக் கொடுக்க ஆள் இல்லை.

இங்ஙனம்,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்,
லண்டன்

பி.கு.: அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். மொறிஸ் மைனரில் முன் சில்லைத் தாங்கும் கீழ்மூட்டுக்கு ஒழுங்காகக் கிறீஸ் அடிக்காவிட்டால், ஓடுகிற ஓட்டத்தில் மூட்டுக் கழன்று சில்லு மடிந்துவிடும். அந்த அம்மாவின் காரை வாங்கியவருக்கு யாராவது அதைச் சொன்னார்களா? சொல்லியிருக்கலாம். படத்தில் ஒருவர் சில்லுக்குக் கிட்டக் குனிந்து கை காட்டிப் பேசுகிறார். கீழே அப்போது எலிதான் ஓடிக்கொண்டிருந்தது.