தாயும் மகளும் ஒரே நாவலை வாசிக்க, நூலகத்தில் ஆறு பிரதிகள் வேண்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

பிள்ளைகள் வாசிப்பதில்லை என்றும் அதற்குக் கைபேசியே காரணம் என்றும் கவலைப்படும் கடிதங்கள் தங்கள் பத்திரிகையின் இப்பகுதியில் அடிக்கடி வெளிவருகின்றன. எழுதியவர்களின் கவலை உண்மையானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், தம் பிள்ளையோடு சேர்ந்து தாம் கடைசியாக எந்தக் கதைப் புத்தகத்தை வாசித்தார் என்பதை அவர்களில் ஒருவரேனும் குறிப்பிட்டதாக எனக்கு நினைவில்லை. ஒன்றரை வருடத்துக்கு முன்பு வரை நானும் அப்படியே இருந்தேன் என்பதால், இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

திருகோணமலை உவர்மலையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வசிக்கும் தாய்மார் ஐவரும், கிண்ணியாவிலிருந்து வரும் சகோதரி ஒருவரும், எங்கள் ஏழு மகள்மாரும் மாதத்தில் ஒரு நாள், போயா (பௌர்ணமி) விடுமுறையன்று பின்னேரம், ஒருவர் வீட்டு விறாந்தையிலோ கோட்டைக்கு அண்மையிலுள்ள கடற்கரையிலோ கூடி, அந்த மாதம் எல்லோரும் வாசித்து முடித்த ஒரே சிறுவர் நாவலைப் பற்றிக் கதைக்கிறோம். போயாவைத் தெரிவு செய்ததில் பக்தி எதுவும் இல்லை. எங்கள் பிள்ளைகள் அனைவருக்கும் ஒருசேர ரியூசன் வகுப்பு இல்லாத நாள் அது ஒன்றுதான். மகள்மார் ஒன்பது வயதுக்கும் பதின்மூன்று வயதுக்கும் இடைப்பட்டவர்கள். கிண்ணியாச் சகோதரி, 2009இல் பாலம் திறக்கப்படுவதற்கு முன்னர் பாதை எனப்படும் மிதவைப் படகுக்காகக் கரையில் காத்து நின்ற காலத்தில், ஒரு கதைப் புத்தகத்துக்காக ரவுனுக்கு வந்து இருட்டுவதற்குள் வீடு திரும்பலாம் என்று நினைத்தே பார்த்திருக்க மாட்டேன் என்பார்.

இந்த யோசனை எங்களுடையதன்று. அமெரிக்காவின் வொஷிங்டன் நகரில் ஷிரீன் டொட்சன் என்ற தாய் தம் மகளுடனும் மகளின் தோழியருடனும் அவர்களுடைய தாய்மாருடனும் இத்தகைய வாசிப்பு வட்டம் ஒன்றை நடத்தி, அந்த அனுபவத்தை 1997இல் நூலாகவும் எழுதினார். அங்கே எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரையான பிள்ளைகளுக்கென்று தனியாக நாவல்கள் எழுதப்படுகின்றன. அவற்றுக்குத் தனி இறாக்கை, தனிப் பதிப்பாசிரியர்கள், தனிப் பரிசுகள் எல்லாம் உண்டு. சிறுவர் இலக்கியத்துக்கான நியூபெரி பதக்கம் 1922ஆம் ஆண்டிலிருந்தே வழங்கப்பட்டு வருகிறது. அந்த நாவல்களில் முதன்மைப் பாத்திரம் பெரும்பாலும் வாசிக்கும் பிள்ளையின் வயதை ஒட்டியே இருக்கும். மரணம், வறுமை, பெற்றோரின் பிரிவு, சிநேகிதியின் துரோகம் எதுவும் ஒளிக்கப்படுவதில்லை; ஆனால் அவற்றைப் பெரியவர் ஒருவர் வந்து விளக்காமல், அந்தப் பிள்ளையே தன் அறிவுக்கு எட்டியவாறு கடந்து போகும்.

எங்கள் வீடுகளில் இதற்கு ஈடாக இருந்தது என்ன? தரம் ஐந்து வரை படக்கதைகளும், கடைசி வரியில் நீதி எழுதப்பட்ட சிறு கதைகளும் கிடைக்கும். புலமைப்பரிசில் பரீட்சை நெருங்கியதும் அவையும் அலுமாரிக்குள் போய்விடும். பரீட்சை முடிந்து தரம் ஆறுக்கு வரும் பிள்ளை அந்தப் படக்கதைகளைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பெரியவர்களின் நாவலோ அதற்கு இன்னும் எட்டவில்லை. வாசிக்கும் பழக்கம் கைநழுவுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். கைபேசி பிறகு வந்து, வெறுமையாகக் கிடந்த இடத்தில் குந்திக்கொள்கிறது.

தமிழில் இந்த வயதினருக்கு எதுவுமே இல்லை என்று சொல்வதும் சரியன்று. சாகித்திய அக்காதெமி 2010ஆம் ஆண்டிலிருந்து சிறார் இலக்கியத்துக்கெனத் தனி விருது வழங்கி வருகிறது. தமிழ்நாட்டில் உதயசங்கர், விஷ்ணுபுரம் சரவணன் முதலியோரின் சிறார் நாவல்கள் அதைப் பெற்றிருக்கின்றன. 2020இல் அவ்விருது பெற்ற யெஸ். பாலபாரதியின் ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ பிள்ளைகளைத் தகாத முறையில் தொடுவோரைப் பற்றிய நாவலாகும். எங்கள் வட்டத்தில் அதை எடுப்பதா வேண்டாமா என்று தாய்மார் இரண்டு மாதம் தயங்கினோம். எடுத்த பிறகு, மகளின் முகத்தைப் பார்த்து நேரே கேட்க நாக்கு எழாத கேள்விகளைக் கதையிலுள்ள பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கேட்க முடிந்தது. மகள்மாரும் அந்தப் பெயரைச் சொல்லியே பதில் சொன்னார்கள். பாடசாலையில் நடத்தப்படும் விழிப்புணர்வுக் கருத்தரங்குகளை நான் குறை கூறவில்லை. ஆனால் நூற்றைம்பது பிள்ளைகள் இருக்கும் மண்டபத்தில் எந்தப் பிள்ளை கை உயர்த்திக் கேட்கும்?

தாய் அந்த நாவலை முழுவதும் வாசித்திருக்க வேண்டும். இந்தக் கடிதத்தில் நான் வலியுறுத்த விரும்புவது இதையே. ஆரம்பத்தில் நாங்கள் செய்த பிழையும் இதுதான். முதல் இரண்டு சந்திப்புகளில் தாய்மாரில் பாதிப்பேர் பின்னட்டையை மட்டும் பார்த்துவிட்டு வந்து, “கதையிலிருந்து என்ன படித்தாய்?” என்று மகள்மாரைக் கேட்டுக்கொண்டிருந்தோம். பிள்ளைகளும் பரீட்சைத் தாளுக்கு விடை எழுதுவது போல, நேர்மையாக இருக்க வேண்டும், பெரியோரை மதிக்க வேண்டும் என்று ஒப்புவித்தார்கள். மூன்றாவது மாதம் என் மகள், “இதுவும் ரியூசன்தானே அம்மா?” என்று கேட்டபின் வட்டத்தின் விதி மாறியது. வாசித்து முடிக்காமல் வந்தவர், தாயாயினும் மகளாயினும், அன்று கேட்டுக்கொண்டிருக்கலாமேயன்றிக் கதைக்கக் கூடாது. அந்த விதியின்படி முதலில் வாய்மூடி இருந்தவள் நானே.

எங்களில் ஒருவர் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். எழுத்துக்கூட்டி வாசிப்பதால் ஒரு பக்கத்துக்கு நெடுநேரம் எடுக்கும் என்று கூச்சப்பட்டு விலகப் பார்த்தார். அவருடைய மகள், தாய் மீன் வெட்டும்போதும் உடுப்புத் தோய்க்கும்போதும் பக்கத்தில் இருந்து நாவலை உரக்க வாசித்துக் காட்டத் தொடங்கினாள். காதால் கேட்ட அந்தத் தாய்க்குத்தான், எந்த அத்தியாயத்தில் எந்தப் பாத்திரம் எந்தப் பொய்யைச் சொன்னது என்பது எங்கள் எல்லோரையும் விடத் துல்லியமாக நினைவிருக்கிறது. அவர் சொன்னதை மறுப்பதற்காகப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தவர்கள் இதுவரை தோற்றே இருக்கிறார்கள்.

மற்றொரு மாதம், அப்பாவின் வேலை மாற்றத்தால் ஊரையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுப் போகும் ஒரு சிறுமியின் கதையை வாசித்திருந்தோம். அந்தச் சிறுமி தன் பூனைக்குட்டியை விட்டுப் பிரியும் இடம் மிகையாக எழுதப்பட்டிருக்கிறது என்று மகள்மார் இருவர் சொன்னார்கள். அப்போது எங்களில் ஒரு தாய், 1990இல் தனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, குடும்பத்தோடு படகேறித் தமிழ்நாட்டிலுள்ள மண்டபம் அகதி முகாமுக்குப் போனதையும், வாசித்துக்கொண்டிருந்த கதைப் புத்தகத்தை முப்பதாம் பக்கத்தளவில் திறந்து கவிழ்த்து வைத்தபடி வீட்டை விட்டு வெளியேறியதையும் சொன்னார். அந்தப் புத்தகத்தின் பெயர் கூட இப்போது அவருக்கு நினைவில்லை. அதன் முடிவு என்னவாக இருந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் யோசிக்கிறாராம். அவருடைய மகளுக்கு மண்டபம் என்ற பெயரே அன்றுவரை தெரியாது. வீட்டுக்கு நடந்து போகும் வழி முழுவதும் அந்தப் பிள்ளை தாயைக் கேள்வி கேட்டுக்கொண்டே போனது.

நாங்கள் வாசிப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டு நாவல்கள் என்பதால், பிள்ளைகள் ஒரு கொப்பியில் சொற்பட்டியல் ஒன்றும் வைத்திருக்கிறார்கள். ரேஷன் கடை என்பதற்கு எதிரே சங்கக்கடை, தாத்தா என்பதற்கு எதிரே அப்பப்பா, அம்மப்பா என்று அந்தப் பட்டியல் நீள்கிறது. ஆனால் கிண்ணியாப் பிள்ளை ஒருநாள், “வாப்பா, உம்மா என்று கூப்பிடும் ஒரு பிள்ளை ஏன் எந்த நாவலிலும் வருவதில்லை?” என்று கேட்டபோது எங்களிடம் பதில் இருக்கவில்லை. கரைவலை இழுக்கும் தகப்பனும், கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் மேயும் மான்களும், கன்னியா வெந்நீர்க் கிணறுகளும் வரும் நாவலைத் தங்கள் வயதில் வாசிக்க எங்கள் பிள்ளைகளுக்கும் ஆசை இருக்காதா? கேணிப்பித்தன் ச. அருளானந்தம் அவர்களைப் போலச் சிறுவர்களுக்காகத் தொடர்ந்து எழுதியவர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள்; ஆயினும் அவர்களுடைய நூல்களில் ஒரே தலைப்பில் ஆறு பிரதிகளைத் தேடிப் புறப்பட்டால் கடை கடையாக ஏறி இறங்க வேண்டியிருக்கிறது.

பிரதிகள் கிடைக்காததுதான் எங்களுடைய முதன்மையான சிக்கல். சென்னையில் அச்சான புத்தகம் இங்கே வந்து சேரும்போது, அதிலும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, அதன் விலை ஒரு குடும்பம் மாதந்தோறும் கொடுக்கக்கூடியதாக இல்லை. வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: முதல் நாவலை ஒரு பிரதி வாங்கிப் போட்டோக் கொப்பி எடுத்தே வாசித்தோம். கடற்கரையில் கூடிய அன்று அந்தக் கட்டிலிருந்து இரண்டு தாள்களை மான் ஒன்று இழுத்துச் சப்பிவிட்டது. எழுத்தாளருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்காததற்கான தண்டம் என்று பிள்ளைகள் சிரித்தார்கள். அதன் பின் நாங்கள் கொப்பி எடுக்கவில்லை. இரண்டு மூன்று பிரதிகளை வாங்கி, வீட்டுக்கு ஒரு வாரம் என்று சுழற்சி முறையில் வாசிக்கிறோம். கடைசி வீட்டுக்குப் புத்தகம் போய்ச் சேரும்போது முதல் வீட்டுக்குக் கதை பாதி மறந்திருக்கும்.

நூலகத்தை நாடவில்லையா என்று வாசகர்கள் கேட்கலாம். நாடினோம். நாங்கள் போன நூலகத்தில் சிறுவர் பகுதிக்குள் பெரியவர்கள் அமர முடியாது. சிறுவர் நூல்களைப் பெரியவரின் உறுப்புரிமை அட்டைக்கு இரவல் தருவதில்லை. எந்தச் சிறுவர் நாவலும் ஒரு பிரதிக்கு மேல் இல்லை. வேலைக்குப் போகும் தாய் வந்து சேரும் நேரத்தில் அந்தப் பகுதி பூட்டப்பட்டிருக்கும். அங்கு பணிபுரியும் நூலகர் எங்களுக்கு உதவ மனம் உள்ளவரே. விதிகள் அவர் கையில் இல்லை.

ஆகவே உள்ளூராட்சி மன்றங்களிடமும் அவற்றின் கீழுள்ள நூலகங்களிடமும் தங்கள் பத்திரிகை வாயிலாகக் கேட்க விரும்புவது பெரிய செலவுக்குரிய காரியம் அன்று. அடுத்த கொள்வனவில் ஆறு வெவ்வேறு நீதிக்கதைத் தொகுப்புகளை வாங்குவதற்குப் பதிலாக, பத்து வயதுப் பிள்ளைக்குரிய நல்ல நாவல் ஒன்றில் ஆறு பிரதிகளை வாங்கி, அவற்றை ஒரே கட்டாக, ஒரு குழுவின் பொறுப்பில், ஒரு மாதத்துக்கு இரவல் கொடுத்துப் பார்க்கட்டும். அந்தக் கட்டு எங்களிடமிருந்து மூதூருக்கும், மூதூரிலிருந்து தம்பலகாமத்துக்கும் போகலாம். ஒக்டோபரில் தேசிய வாசிப்பு மாதத்துக்கென்று பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, வினாவிடைப் போட்டி எல்லாம் நடத்தப்படுகின்றன; அவற்றுள் ஒன்றை விட்டுவிட்டு, பெற்றோரும் பிள்ளையும் ஒரே நூலை வாசித்துவிட்டு வந்து பரிசில்லாமல் கதைக்கும் ஒரு பின்னேரத்தை வைக்கலாம்.

மகன்மாருக்கு இடம் இல்லையா என்ற கேள்வியும் வருகிறது. என் மகன் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரியும். மகள்மார் சம்மதித்தால் அவனுக்கும் ஒரு பாய் விரிக்கலாம். அதைத் தீர்மானிக்கும் உரிமையை அவர்களுக்கே விட்டிருக்கிறோம்.

அடுத்த போயாவுக்கு மகள்மார் தெரிவு செய்திருப்பது நான் மேலே குறிப்பிட்ட கேணிப்பித்தன் அவர்களின் சிறுவர் நாவல்களில் ஒன்று. எங்களிடம் இருப்பது ஒரு பிரதி. அவருடைய நூல்களை வீட்டு அலுமாரியில் வைத்திருக்கும் திருகோணமலை வாசகர்கள் யாரேனும் தம் பகுதி நூலகத்தில் அவற்றைக் கொடுத்து வைத்தால், நாங்கள் அங்கே இரவல் எடுத்து, அடுத்த மாதம் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

இவ்வண்ணம்,
ஏழு மகள்மாரில் ஒருத்தியின் தாய்,
உவர்மலை, திருகோணமலை.